ஐதர் அலி நம்பிய பாதிரியார்

பெங்களூரில் இருந்து மைசூர் போகும் ரெயில், ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. வண்டியில் போகிறவர்கள் சன்னல் வழியாகக் கோட்டைச் சுவரைப் பார்ப்பார்கள். திப்பு சுல்தானை நினைப்பார்கள். அவருடைய தந்தை ஐதர் அலியை நினைப்பார்கள்.

அதே கோட்டை வாசலில் 1779-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு பாதிரியார் வந்து இறங்கினார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பிறந்தது ஜெர்மனியில். பேசியது தமிழ். வந்தது தஞ்சாவூரில் இருந்து. அப்போது அவருக்கு வயது 52.

அவர் பெயர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். தஞ்சை, திருச்சி, நெல்லை மக்கள் அவரை 'சுவார்ட்ஸ் ஐயர்' என்றே அழைத்தார்கள்.

அவர் பெரிய அற்புதங்கள் எதையும் செய்து காட்டியவர் அல்ல. வாங்கிய பணத்துக்குக் கணக்கு சொன்னார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். கைநீட்டி லஞ்சம் வாங்கவில்லை. இந்த மூன்றும்தான் அவர் செய்த அற்புதம். அந்தக் காலத்தில் அது அற்புதமாகத்தான் இருந்தது.

தாயின் ஆசை

1726-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி, அன்றைய பிரஷ்ய நாட்டில் சோனன்பர்க் என்ற சிறிய ஊரில் சுவார்ட்ஸ் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது.

அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். சாகும் நேரத்தில் அந்த அம்மாள் கணவரையும் ஊர்ப் போதகரையும் அருகில் அழைத்து, இந்தப் பிள்ளையைக் கடவுள் பணிக்கே வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

பிள்ளை வளர்ந்து ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றான். அங்கே ஒரு முதியவர் இருந்தார். பெயர் பெஞ்சமின் சூல்சு. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து திரும்பியவர். தமிழ் வேதாகமத்தை ஹாலேயில் அச்சடிக்க வேண்டும் என்று அவர் முயன்றார். அச்சுப் பணிக்கு உதவியாக, மாணவர் சுவார்ட்சுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்.

அந்த அச்சு வேலை நடக்கவில்லை. ஆனால் கற்ற தமிழ் வீணாகவில்லை. அதுவே அவரைக் கப்பல் ஏற்றியது.

நாலே மாதத்தில் தமிழ்ப் பிரசங்கம்

1750-ம் ஆண்டு ஜூலை மாதம் சுவார்ட்ஸ் கடலூரில் வந்து இறங்கினார். அங்கிருந்து டென்மார்க் அரசுக்குச் சொந்தமாக இருந்த தரங்கம்பாடிக்குப் போனார். 44 ஆண்டுகளுக்கு முன்பு சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர் அது.

வந்த நாலே மாதத்தில், சீகன்பால்கு கட்டிய கோவிலில் தமிழில் பிரசங்கம் செய்தார். அதோடு நிற்கவில்லை. தமிழ் மக்களோடு பேச வேண்டுமானால் அவர்கள் படிக்கும் நூல்களைத் தானும் படிக்க வேண்டும் என்று சில ஆண்டுகள் தமிழ்ப் புராணங்களையும் இலக்கியங்களையும் படித்தார்.

பிறகு போர்த்துக்கீசியம், ஆங்கிலம், பாரசீகம், இந்துஸ்தானி, மராட்டி என்று மொழிகளைக் கற்றுக்கொண்டே போனார். சிப்பாயோடு பேச ஒரு மொழி, நவாபின் ஆட்களோடு பேச ஒரு மொழி, தஞ்சை அரண்மனையில் பேச ஒரு மொழி தேவைப்பட்டது. எவரோடும் இடையில் ஆள் வைத்துப் பேசக்கூடாது என்பது அவர் எண்ணம்.

ஒரு அறை, ஒரு வேளைச் சோறு

1762-ம் ஆண்டு சுவார்ட்ஸ் திருச்சிக்குப் போனார். அங்கே ஆங்கிலேயப் பட்டாளம் இருந்தது. ஆற்காட்டு நவாபின் ஆட்சி நடந்தது.

கம்பெனி உத்தியோகத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அந்த நாளில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். சம்பளம் கொஞ்சம். கிம்பளம் அதிகம். நவாபுக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்கினார்கள். சில ஆண்டுகளில் லட்சாதிபதியாகிச் சீமைக்குக் கப்பல் ஏறினார்கள்.

சுவார்ட்ஸ் ஒரு பழைய கட்டிடத்தில், கட்டில் போட்டால் ஆள் நடக்க இடம் இருக்காத ஒரு அறையில் குடியிருந்தார். சோறும் வேகவைத்த காய்கறியும் சாப்பாடு. கறுப்புச் சாயம் போட்ட முரட்டுத் துணியில் அங்கி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

மதுரையில் யூசுப்கான் மீது 1764-ம் ஆண்டு நடந்த முற்றுகையில் காயம்பட்ட சிப்பாய்களைப் போய்ப் பார்த்துப் பணிவிடை செய்தார். அதற்காக நவாப் பணம் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்கில் சேர்த்துவிட்டார்.

1766-ம் ஆண்டு திருச்சிக் கோட்டைப் பகுதியில் பெரிய கோவில் ஒன்றைக் கட்டி முடித்தார். பட்டாளத்தார் கொடுத்த நன்கொடையில் எழுந்த கோவில். தெப்பக்குளம் பக்கம் அந்தக் கிறிஸ்துநாதர் ஆலயம் இன்றும் இருக்கிறது.

பட்டாளத்துக்கும் அவரே போதகர் ஆனார். அதற்குக் கம்பெனி ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் கொடுத்தது. அதில் பாதியைச் சபைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிட்டார்.

கையூட்டு வாங்காத ஒரு மனிதர் ஊரில் இருந்தால் அது எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? செய்தி தஞ்சைக்குப் போனது. சென்னைக்குப் போனது. மைசூர் வரைக்கும் போனது.

கிளாரிந்தா கேட்ட ஞானஸ்நானம்

ஆள் சேர்க்க வேண்டும் என்பதற்காக எதையும் செய்கிறவர் அல்ல சுவார்ட்ஸ். அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்லலாம்.

தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பாதுகாப்பில் வாழ்ந்து வந்தார். அந்த அதிகாரியிடம் கிறிஸ்தவ மார்க்கம் பற்றிக் கேட்டு அறிந்தார். தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்சிடம் கேட்டார்.

திருமணம் இல்லாமல் அந்த வாழ்க்கை தொடரும் வரையில் ஞானஸ்நானம் இல்லை என்று சுவார்ட்ஸ் சொல்லிவிட்டார். அதிகாரியின் தயவு தேவை என்பதற்காக விதியை வளைக்கவில்லை.

அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ம் ஆண்டு பாளையங்கோட்டையில் அந்த அம்மையாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர் பெற்ற அவர்தான் பாளையங்கோட்டையில் கோவில் கட்டினார். திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தில் நிற்பது அந்தப் பெண்மணியின் பெயர்.

கவர்னரின் அழைப்பு

1778-ம் ஆண்டு சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்குக் குடிபோனார். அடுத்த ஆண்டே சென்னைக் கவர்னரிடம் இருந்து அழைப்பு வந்தது.

அப்போது கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் ரம்போல்டு. ஐதர் அலிக்கும் கம்பெனிக்கும் பகை முற்றிக்கொண்டிருந்தது. மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த மாஹியைக் கம்பெனிப் படை 1779-ம் ஆண்டு மார்ச்சு மாதம் பிடித்துக்கொண்டது. ஐதருக்குச் சாமான் வந்து இறங்கும் துறைமுகம் அது. அவர் கோபம் கொண்டார்.

ஐதரின் மனதை அறிந்து, சமாதானம் பேசிவர ஒரு ஆள் வேண்டும். கம்பெனி அதிகாரி எவர் போனாலும் ஐதர் நம்பமாட்டார். அதனால் பாதிரியாரைப் போகச் சொன்னார்கள்.

சுவார்ட்ஸ் யோசித்தார். அரசியல் வேலை அவர் வேலை அல்ல. ஆனாலும் ரத்தம் சிந்தாமல் தடுக்க ஒரு வழி என்றால் மறுப்பது சரியல்ல என்று நினைத்தார். ஒரு முடிவு மட்டும் செய்துகொண்டார். இந்தப் பயணத்தில் எவரிடமும் எந்த வெகுமதியும் வாங்குவதில்லை.

உபதேசியார் சத்தியநாதனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டார். கரூர் வழியாகப் போய், கஜலட்டிக் கணவாய் ஏறி, மைசூர்ச் சீமைக்குள் நுழைந்தார். வழியில் சாலைகளும் பாலங்களும் ஒழுங்காகப் பராமரிக்கப்படுவதைக் கண்டு வியந்தார். ஐதர் ஆட்சியின் நல்லதை நல்லது என்றே எழுதிவைத்தார். வரி வசூலில் குறை வைத்தவர்களைச் சாட்டையால் அடிக்கும் கொடுமையையும் எழுதிவைத்தார்.

ஐதரின் தர்பார்

ஐதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மனிதரை எடைபோடத் தெரிந்தவர். சுவார்ட்சைத் தம் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார வைத்துப் பேசினார். செருப்பைக் கழற்றும்படிகூடச் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர்கள் எத்தனை முறை வாக்குத் தவறினார்கள் என்று ஐதர் பட்டியல் போட்டுச் சொன்னார். ஆனாலும் சமாதானத்துக்குக் கைநீட்டினால் தாமும் கைகொடுக்கத் தயார் என்றார். சுவார்ட்ஸ் மறுத்துப் பேசச் சரக்கு எதுவும் இல்லை. சமாதானம் ஒன்றே நல்லது என்பதை மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஐதரின் படையில் வேலை பார்த்த ஜெர்மானியர்களையும் மற்றவர்களையும் தம் கூடாரத்தில் கூட்டி ஆராதனை நடத்தினார். எவரும் தடுக்கவில்லை.

விடைபெற்றுப் பல்லக்கில் ஏறும்போது அதில் ஒரு பை இருந்தது. பையில் 300 ரூபாய். வழிச் செலவுக்காக ஐதர் கொடுத்தது.

சுவார்ட்ஸ் திருப்பிக் கொடுக்கப் போனார். அதிகாரிகள் நடுங்கினார்கள். நவாபு கொடுத்ததைத் திருப்பி எடுத்துப்போனால் தங்கள் தலை போய்விடும் என்றார்கள். ஏழைகள் உயிரோடு விளையாட மனம் இல்லாமல் பையை எடுத்துக்கொண்டார்.

சென்னைக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் பையைக் கம்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியானால் தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு இது முதல் தொகையாக இருக்கட்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். தமக்கென்று பயணச் செலவுக்கு மேல் எதுவும் பெறவில்லை.

தோற்ற தூது

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். சுவார்ட்சின் தூது தோற்றுப்போனது.

நேர்மையான மனிதரை அனுப்பியவர்கள் நேர்மையாக நடக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1780 ஜூலையில், ஐதரின் பெரும்படை கணவாய் இறங்கிக் கர்நாடகச் சமவெளியைத் தீக்கிரையாக்கியது. கவர்னர் ரம்போல்டு அதற்கு முன்பே பெரும் செல்வத்தோடு சீமைக்குப் போய்விட்டார். 1781-ல் கம்பெனி அவரை வேலையில் இருந்து நீக்கியது.

ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் ஐதர் அப்படி நினைக்கவில்லை. அனுப்பியவர்களையும் வந்தவரையும் அவர் பிரித்துப் பார்த்தார். சண்டை நடந்த காலத்தில், சுவார்ட்ஸ் எங்கு போனாலும் தடுக்கக்கூடாது, அவருக்குத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தம் படைகளுக்கு உத்தரவு போட்டார். எதிரிப் படைகளின் நடுவே அந்தப் பாதிரியார் நடமாடினார்.

எண்பதாயிரம் கலம் நெல்

அந்த யுத்தத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. தெருவில் மனிதர்கள் செத்து விழுந்தார்கள்.

வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடும் ஆளும் கிடைக்கவில்லை. காரணம், முன்பு மாட்டையும் நெல்லையும் வாங்கிக்கொண்ட அதிகாரிகள் பணம் கொடுக்கவில்லை. குடியானவர்கள் ஏமாந்தவர்கள். மன்னர் சொன்னாலும் நம்பவில்லை. கம்பெனி சொன்னாலும் நம்பவில்லை.

கடைசியில் சுவார்ட்சைக் கேட்டார்கள். அவர் குடியானவர்களுக்குச் சொல்லி அனுப்பியது ஒரே விஷயம். பணத்தைத் தம் கையாலேயே தருவதாக வாக்குக் கொடுத்தார்.

ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. உயிரைப் பணயம் வைத்துப் போய், 80 ஆயிரம் கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். சுவார்ட்ஸ் ஒவ்வொருவருக்கும் முழுக் கூலியையும் எண்ணிக் கொடுத்தார். மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து நன்றி சொல்லி அனுப்பினார்.

ஒரு மன்னருடைய கஜானாவுக்கு இல்லாத மதிப்பு, ஒரு ஏழைப் பாதிரியாரின் சொல்லுக்கு இருந்தது. அந்தச் சொல் ஒரு நகரத்தின் உயிரைக் காப்பாற்றியது.

அதன் பிறகும் இப்படி ஒன்று நடந்தது. வரிக் கொடுமை தாங்காமல் தஞ்சைக் குடிகள் ஊரை விட்டு ஓடினார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. இனிக் கொடுமை நடக்காது என்று சுவார்ட்ஸ் பொறுப்பேற்றுச் சொன்னதும், ஒரே நாளில் 7 ஆயிரம் பேர் திரும்பி வந்தார்கள்.

செய்த தவறும் திருத்தமும்

1787-ல் தஞ்சை மன்னர் துளஜாஜி மரணப் படுக்கையில் இருந்தார். பிள்ளை இல்லாத அவர், 10 வயதுச் சரபோஜியைத் தத்து எடுத்திருந்தார். அந்தச் சிறுவனைச் சுவார்ட்சின் கையில் ஒப்படைக்க விரும்பினார்.

அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு பாதிரியாரால் பிள்ளையைக் காக்க முடியாது என்று சுவார்ட்ஸ் நினைத்தார். மன்னரின் தம்பி அமர்சிங்கைப் பாதுகாவலராக வைக்கும்படி யோசனை சொன்னார்.

அது தவறாக முடிந்தது. மன்னர் இறந்ததும், தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, கம்பெனி அமர்சிங்கையே மன்னர் ஆக்கியது. சரபோஜியைப் படிக்க விடாமல், வெளிச்சம் இல்லாத அறையில் அடைத்து வைத்தார்கள்.

சுவார்ட்ஸ் தாம் சொன்ன யோசனையின் பலனைக் கண்ணால் பார்த்தார். சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு முறையிட்டார். சிறுவனுக்குக் காவல் போட வைத்தார். 1793-ம் ஆண்டு அவனையும் துளஜாஜியின் விதவைகளையும் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அங்கே கெரிக்கே பாதிரியாரிடம் சரபோஜி படித்தார். தத்து செல்லும் என்று சுவார்ட்ஸ் கம்பெனிக்குத் தொடர்ந்து எழுதினார்.

மன்னராகப் போகிற பிள்ளை தம் கையில் வளர்ந்தும், மதம் மாறும்படி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சரபோஜி கடைசி வரையில் இந்துவாகவே வாழ்ந்தார்.

வேறு ஒரு குறையையும் மறைக்கக்கூடாது. சுவார்ட்சின் கோவில்களில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் தனித்தனியே உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் மாறிவிடும் என்று அவர் விட்டுவைத்தார். அது மாறவில்லை. 1833-ல் பிஷப் வில்சன் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சைச் சபையில் பெரும் கலகம் மூண்டது. சுவார்ட்சிடம் சிறுவனாக வளர்ந்த கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த உத்தரவை எதிர்த்தார். நல்லவர் விட்டுவைத்த குறை, அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய சுமை ஆனது.

மன்னரின் கண்ணீர்

1798-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந்தேதி தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் காலமானார். வயது 71. இந்தியாவுக்கு வந்த 48 ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

முகத்தைப் பார்க்கச் சரபோஜி வந்தார். உடல்மீது பொன்னாடை போர்த்தி அழுதார். சவ அடக்கத்துக்கும் கூடவே போனார். சுவார்ட்சிடம் இருந்த பணம் மிஷனுக்கும் ஏழைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

சரபோஜி அரியணை ஏறியது அதே ஆண்டு ஜூன் மாதம். தாம் போராடியது பலித்ததைப் பார்க்கச் சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. மறு ஆண்டே கம்பெனி உடன்படிக்கை போட்டு, தஞ்சை நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அதையும் அவர் பார்க்கவில்லை.

பின்னாளில் சரசுவதி மகால் நூல் நிலையத்தை வளர்த்துப் புகழ்பெற்ற சரபோஜி, தம் ஆசானை மறக்கவில்லை. லண்டனில் பிளாக்ஸ்மேன் என்ற பெரிய சிற்பியிடம் சொல்லிச் சலவைக்கல்லில் சிற்பம் செய்வித்தார். படுக்கையில் சுவார்ட்ஸ் கிடக்க, அவர் கையைச் சரபோஜி பற்றிக்கொண்டிருக்கும் காட்சி. சிவகங்கைக் குளத்தின் அருகே உள்ள சுவார்ட்ஸ் கோவிலில் அதை இன்றும் பார்க்கலாம். கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் கவிதை வரிகளையும் மன்னரே எழுதினார். கண்ணந்தங்குடியில் 50 ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தார்.

கம்பெனியும் சென்னைக் கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தது. அவர் பேச்சைக் கேட்காதவர்கள், அவர் இறந்த பிறகு கல் நட்டார்கள்.

நமக்கு என்ன?

பரிசுத்தமான வாழ்க்கை என்றால் காட்டுக்குப் போவது, கண்ணை மூடிக்கொள்வது என்று பலர் நினைக்கிறார்கள். சுவார்ட்ஸ் காட்டுக்குப் போகவில்லை. நவாபு, மன்னர், கவர்னர், பட்டாளம் என்று பணம் புழங்கும் இடத்திலேயே 48 ஆண்டுகள் இருந்தார். எல்லோரும் கைநீட்டிய இடத்தில் அவர் கையை மடக்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து வேறு மாநிலத்தில் வாழும் நம்மவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மொழி வேறு. ஊர் வேறு. நம்மைப் பற்றி இங்கு எவருக்கும் முன்பின் தெரியாது. பெட்டிச் சாவியை நம்பிக் கொடுக்கும் முதலாளிக்கும், வாடகைக்கு வீடு விடுகிறவருக்கும், கடையில் கடன் சொல்லுகிறவருக்கும் நாம் காட்டக்கூடிய ஒரே சாட்சி நம் நடத்தைதான்.

அடுத்த முறை மைசூர் வண்டியில் போகும்போது, ஸ்ரீரங்கப்பட்டணம் வந்ததும் சன்னல் வழியாகப் பாருங்கள். அந்தக் கோட்டையில் இருந்து 300 ரூபாயோடு வெளியே வந்து, அதில் ஒரு காசும் தமக்கென்று எடுக்காமல் போன ஒரு மனிதரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.